விழுங்கிய காசும் விழுங்கிய சொல்லும்

உண்மையைச் சொல்ல வாயெடுத்தும் சொல்லாமல் தயங்கி நிற்பவனை நாம், 'மென்று விழுங்குகிறான்' என்கிறோம். உணவுக்கு உரிய வினையைச் சொல்லுக்கு ஏற்றிக் கூறும் இவ்வழக்கின் ஆழத்தை நான் பல ஆண்டுகள் உணர்ந்தவனல்லேன். ஒரு சிறுவன் ஒரு காசை விழுங்கினான். அடிக்கு அஞ்சி அதைப் பற்றிய சொல்லையும் விழுங்கினான். அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியனாகிய நான் அவன் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். ஆயினும் அவனைப் பார்க்கவில்லை. அந்நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்து.

தவறி விழுங்கப்பட்ட பொருள்கள் மனித உடலுக்கு இழைத்த தீங்கும், அவற்றை வெளிக்கொணர மனிதன் கண்ட வழிகளும் ஒரு நெடிய வரலாறு. அரசர்களின் வரலாற்றில் அதற்கு இடமில்லை. மருத்துவ வரலாற்று நூல்களிலும் ஓர் ஓரமே அதற்குக் கிடைக்கும். எனினும், குழந்தைகளிடையே நாள்தோறும் வாழ்கின்ற ஆசிரியர்க்கும், ஆசிரியராகப் போகும் மாணவர்க்கும் அது தெரிந்திருக்க வேண்டிய வரலாறு.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார்: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து துணை செய்பவன். முதல் மூன்றையும் எல்லாரும் எளிதில் ஒப்புவர். நான்காமவனை, 'உழைச்செல்வான்' என்று அவர் பெயரிட்டழைத்தவனை, நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். விழுங்கிய பொருளின் வரலாற்றை ஊன்றி நோக்கினால், கருவிகள் வளர்ந்த கதை ஒருபுறமிருக்க, அந்நான்காமவன் விழித்திருந்தானா உறங்கினானா என்பதே பல வேளைகளில் முடிவைத் தீர்மானித்திருக்கிறது என்பது விளங்கும்.

மலையும் பாதையும்

கேமரன் மலை இன்று சுற்றுலாப் பயணிகளின் நாவில் இனிக்கும் பெயர். 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைநாட்டைக் கண்டு குறித்தார். எனினும் நாற்பது ஆண்டுகள் இது காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்வையிட்ட பிறகே இதனைக் குளிர்மலை நகராக்கும் முயற்சி தொடங்கியது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1931இல் தாப்பாவிலிருந்து வந்த சாலை தானா ராத்தாவை எட்டியது. 1933இல் 'பாரத்' தேயிலைத் தோட்டம் தோன்றியது. காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர் என்பதை இந்நூலைக் கையில் எடுப்போர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அந்தச் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. நூற்றுக்கணக்கான வளைவுகள் கொண்டது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதை அடைபடும். மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்ததாயினும் அதன் வாயில் பேராக்கிலேயே இருந்தது. தானா ராத்தா மருத்துவமனையால் இயலாத சிகிச்சைக்கு அச்சாலை வழியாகவே கீழே இறங்கவேண்டும். எனவே தோட்டத்து மக்களுக்கு மருத்துவம் என்பது முதலில் நேரம் பற்றிய கணக்காகவும் தொலைவு பற்றிய கணக்காகவுமே இருந்தது.

தோட்டத்திற்குள் மருத்துவத்தின் முகமாக விளங்கியவர் 'டிரஸ்ஸர்' என்று நம்மவர் அழைத்த மருத்துவ உதவியாளர். 1965ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டு அப்பணி ஓர் ஒழுங்குக்குள் வந்தது. காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்திற்கும் வயிற்றுப்போக்குக்கும் அவரே முதற்புகல். ஆனால் குழந்தையின் வயிற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்க அவரிடம் கருவி ஏது? எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கத் தோட்டத்தை விட்டுப் போகவேண்டும். போவதற்கு வண்டி வேண்டும். தாய்க்கு ஒருநாள் கூலி போகும்.

இந்நிலையில் லயத்து மக்கள் கைவைத்தியத்தை நம்பியதில் வியப்பென்ன? மீன்முள் குத்தினால் வெறுஞ்சோற்றை உருண்டையாக்கி மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள். காசை விழுங்கினால் வாழைப்பழம் கொடுப்பார்கள். மறுநாளும் வரவில்லையென்றால் விளக்கெண்ணெய். பிறகு நாலைந்து நாள் கழிவறையில் காவல். காசு வெளிவந்தால் வீடே சிரித்து மகிழும். அக்கதை அடுத்த லயத்திற்கும் போகும். வராமற்போன காசின் கதையை யாரும் சிரித்துச் சொல்வதில்லை.

முன்னோர் கண்டது

கைவைத்தியம் அனைத்தும் அறியாமை என்று தள்ளிவிடுவது வரலாற்று உணர்வன்று. தொண்டையில் சிக்கிய பொருளைப் பற்றி இந்திய நாட்டார் மிகப் பழங்காலத்திலேயே சிந்தித்திருக்கின்றனர்.

பௌத்த சாதகக் கதைகளுள் ஒன்றில், சிங்கத்தின் தொண்டையில் எலும்பு சிக்கிக்கொள்கிறது. மரங்கொத்திப் பறவை உதவ முன்வருகிறது. உள்ளே புகுமுன் அது செய்த ஒரு காரியம் கருதத்தக்கது. சிங்கத்தின் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையே ஒரு குச்சியை நிறுத்தி வைக்கிறது! அதன்பின் உள்ளே சென்று எலும்பைத் தட்டி விடுவிக்கிறது. கிரேக்க நாட்டு ஈசாப்பின் கதையில் ஓநாயும் நாரையும் இதே நாடகத்தை நடிக்கின்றன. இரண்டும் நன்றி கொன்றவனைப் பற்றிய நீதிக்கதைகள். ஆயினும், தொண்டைக்குள் கைவிடும் மருத்துவன் முதலில் வாயைத் திறந்து நிறுத்திக்கொள்ள வேண்டும் என்னும் தொழில்நுட்பமும் மரங்கொத்தியின் குச்சியில் ஒளிந்திருக்கிறது.

கதையை விட்டு நூலுக்கு வருவோம். அறுவை மருத்துவத்தின் பழம்பெரும் வடமொழி நூலாகிய சுசுருத சம்கிதை, உடலுள் புகுந்த அயற்பொருள்களை அகற்றும் முறைகளைத் தனியே வகுத்துரைக்கிறது. தொண்டையில் எலும்பு சிக்கினால், மயிரைச் சுருட்டி உண்டையாக்கி, நீண்ட நூலில் கட்டி, நீர்மமான உணவோடு விழுங்கச் செய்யவேண்டும். பிறகு வாந்தியெடுக்க வைத்து, உண்டையில் எலும்பு மாட்டிய நிலையில் நூலைச் சட்டென இழுக்கவேண்டும் என்கிறது. அரக்குப் பொருள் சிக்கினால் குழாயொன்றைச் செலுத்தி, அதன் வழியே சூடேற்றிய கம்பியை விட்டு அரக்கில் ஒட்டவைத்து, நீரால் குளிரச் செய்து இழுக்கும் முறையையும் கூறுகிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குக் குழாயை வழியாக்கி, அதனூடே கருவியைச் செலுத்துவது என்னும் இக்கருத்து, பிற்காலத்து உள்நோக்குக் கருவியின் அடிப்படைக் கருத்தேயன்றோ!

இன்று இம்முறைகளை யாரும் கைக்கொள்ளல் ஆகாது. கைக்கொள்ளவேண்டியது அவற்றின் பின்னுள்ள நெறி. சிக்கிய பொருள் எது என்று முதலில் அறி. பொருளுக்கேற்ப முறையை மாற்று. எலும்புக்கு ஒன்று, அரக்குக்கு ஒன்று. லயத்துச் சோற்றுருண்டையோ எல்லாவற்றிற்கும் ஒரே மருந்து. அங்கேதான் வேறுபாடு.

கத்தி முதல் கண்ணாடி இழை வரை

1635ஆம் ஆண்டு. அன்றைய பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பெர்க் நகரம்; இன்று உருசியாவைச் சேர்ந்த கலினின்கிராடு. ஆண்டிரியாசு குரூன்ஹைடு என்னும் இளம் உழவன், வாந்தியெடுப்பதற்காகக் கத்தியின் பிடியைத் தொண்டைக்குள் விட்டுக் கிளறினான். கத்தி கைநழுவி உள்ளே போய்விட்டது. அவன் நடந்ததை மறைக்காமல் மருத்துவர்களிடம் சொன்னான். அவர்கள் கூடி ஆராய்ந்தனர். சில வாரங்களுக்குப் பின் சூலை 9ஆம் நாள், டேனியல் சுவாபே என்னும் அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்து இரைப்பையிலிருந்து கத்தியை எடுத்தார். மயக்க மருந்தில்லாத காலம். கிருமிகளைப் பற்றிய அறிவும் இல்லாத காலம். ஆயினும் உழவன் பிழைத்தான்.

அடுத்த பெரும் அடிக்குக் காரணமானவன் ஒரு தெருக்கூத்துக் கலைஞன். 1868இல் செருமனியின் பிரைபர்க் நகரில் அடால்பு குஸ்மால் என்னும் மருத்துவர், வாளை விழுங்கிக் காட்டும் வித்தைக்காரன் ஒருவனைக் கொண்டு ஓர் உண்மையை நிறுவினார். தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் வாயும் உணவுக்குழலும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன; நேரான உலோகக் குழாயொன்றை இரைப்பை வரை செலுத்தலாம். அவருக்குக் குறைந்தது வெளிச்சம் ஒன்றே. அக்காலத்து விளக்கின் ஒளி இரைப்பைவரை எட்டவில்லை.

வெளிச்சம் வேறொரு வழியில் வந்தது. 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ரோண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டார். மறு ஆண்டே இசுக்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜான் மேக்கின்டயர், ஒரு குழந்தையின் தொண்டைக்குள் சிக்கியிருந்த அரைப் பென்னிக் காசைப் படம் பிடித்துக் காட்டினார். அதுவரை தாயின் கண்ணீரையும் குழந்தையின் அழுகையையும் கொண்டு ஊகித்த மருத்துவன், முதன்முதலாகக் காசையே கண்டான். புதிய கதிர் பயன்பட்ட தொடக்கப் பணிகளுள் ஒன்று குழந்தை விழுங்கிய காசைத் தேடியது என்பதை எண்ணிப் பாருங்கள்!

இத்துறையில் வாழ்வையே ஒப்படைத்தவர் அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் (1865–1958). மூச்சுக்குழலிலும் உணவுக்குழலிலும் சிக்கிய பொருள்களை ஒளிபொருந்திய குழாய்கள் வழியே எடுக்கும் கலையை அவர் செம்மைப்படுத்தினார். ஊசி, காசு, பொத்தான், எலும்பு, விளையாட்டுப் பொருள் என எடுத்தவற்றை எறிந்துவிடாமல் ஒவ்வொன்றையும் குறிப்போடு சேர்த்து வைத்தார். 2,374 பொருள்கள் கொண்ட அத்தொகுப்பு பிலடெல்பியா நகரின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளது. வாய் திறந்த ஊக்கு உணவுக்குழலில் மேல்நோக்கிக் குத்தி நின்றால் அவர் அதைப் பிடித்து இழுத்ததில்லை. மெல்ல இரைப்பைக்குள் கொண்டுபோய், அகன்ற அவ்விடத்தில் திருப்பி, கூர்முனை பின்தங்கி வருமாறு வெளிக்கொணர்ந்தார். அவசரப்பட்டு இழுப்பது உதவியாகாது என்பதை அவர் கை உலகுக்குக் கற்பித்தது.

ஜாக்சன் மருத்துவமனைக்குள் நின்றுவிடவில்லை. சலவைக்குப் பயன்பட்ட காரத்தைச் சர்க்கரையென எண்ணி விழுங்கிய குழந்தைகளின் உணவுக்குழல் வெந்து சுருங்கிப்போனதைக் கண்டு, அத்தகைய பொருள்களின் கலத்தில் எச்சரிக்கை அச்சிடப்படவேண்டும் எனப் பல்லாண்டு போராடினார். 1927இல் அமெரிக்க நாடு அதனைச் சட்டமாக்கியது. விழுங்கியதை எடுப்பவனினும் விழுங்காமற் காப்பவன் உயர்ந்தவன் என்பதை அவர் செயலால் காட்டினார்.

அவர் காலத்துக் குழாய்கள் நேரானவை, வளையாதவை. அவற்றை வளையச் செய்ததில் இந்திய மண்ணில் பிறந்த ஒருவர்க்கும் பங்குண்டு. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, 1954இல் இலண்டனில் ஹெரால்டு ஹாப்கின்சு என்பாருடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினார். 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்சு அவ்விழைகளைக் கொண்டு வளையும் இரைப்பை நோக்கியை உருவாக்கி, முதலில் தாமே அதை விழுங்கிப் பார்த்தார். வயிற்றைக் கிழித்துக் கத்தியை எடுத்த காலம் போய், கிழிக்காமலேயே கண்டு எடுக்கும் காலம் அவ்வாறு பிறந்தது.

உடலின் இடுக்குகள்

இவ்வளவு கருவிகளும் ஏன் வேண்டும்? பெரும்பாலான பொருள்கள் தாமே வெளிவருவதில்லையா? வருகின்றன. இரைப்பையை அடைந்த பொருள்களுள் 100க்கு 80 முதல் 90 வரை யாதொரு தீங்குமின்றி வெளியேறுகின்றன என்று மருத்துவ நூல்கள் கூறும். 10 முதல் 20 வரையானவற்றை உள்நோக்குக் கருவியால் எடுக்க நேரிடும். அறுவை வேண்டுவன 100க்கு ஒன்று அல்லது அதனினும் குறைவு. வாழைப்பழ வைத்தியம் இத்தனை தலைமுறை வாழ்ந்ததன் காரணம் இதுவே. பழம் கொடுக்காவிட்டாலும் வந்திருக்கும் காசு, பழத்திற்குப் புகழ் சேர்த்தது.

எஞ்சிய சிலவே இடர் விளைப்பன. உணவுக்குழல் ஒரே அகலமுடையதன்று. தொடக்கத்தில் ஓர் இறுக்கம். பெருந்தமனி வளைந்து அழுத்தும் இடத்தில் ஓர் இறுக்கம். உதரவிதானத்தைக் கடந்து இரைப்பையில் புகுமிடத்தில் ஓர் இறுக்கம். குழந்தைகள் விழுங்கும் காசு பெரும்பாலும் முதல் இறுக்கத்திலேயே தங்கிவிடும். தங்கிய காசு சுவரை அழுத்தும். அழுத்திய இடம் புண்ணாகும். புண் ஆழ்ந்தால் துளையாகும். துளை வழியே நஞ்சு மார்புக்கூட்டுக்குள் பரவினால் உயிருக்கே இறுதி நேரலாம்.

மீன்முள்ளின் தீங்கு வேறுவகையானது. அது மெல்லியதாகவும் கூரியதாகவும் இருப்பதால் தொண்டையின் தசைக்குள் புதையும், குடலையும் துளைக்கும். அரிதாக, இரைப்பையைத் துளைத்துக் கல்லீரலில் சீழ்க்கட்டியை உண்டாக்கியதும் உண்டு. அந்நிலையில், முள் விழுங்கியதையே நோயாளி மறந்திருப்பார். சோற்றுருண்டை இங்குச் செய்வது என்ன? மேலே நின்ற முள்ளை ஆழத்தில் அறைகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டையும் மனத்திற்கொள்க. மூச்சுக்குழலுக்குள் பொருள் போவதை நாம் புரையேறுதல் என்கிறோம். அதில் இருமல், மூச்சுத்திணறல், முகம் நீலம்பாரித்தல் எனக் குறிகள் உடனே தோன்றும், எல்லாரும் ஓடிவருவர். உணவுக்குழலில் சிக்கியதோ அமைதியானது. குழந்தை மூச்சுவிடும், நடக்கும், பள்ளிக்கும் வரும். உணவை மறுக்கும், எச்சிலை விழுங்காமல் வழியவிடும், கழுத்தைத் தடவும். இக்குறிகளைப் படிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லையேல் யாருக்கும் தெரியாது.

நான் படிக்காத பாடம்

இங்குத்தான் என் கதையைச் சொல்லவேண்டும். ஆசிரியப் பயிற்சியை முடித்து, 1990களின் இடைப்பகுதியில் இம்மலைத் தேயிலைத் தோட்டப்பள்ளி ஒன்றில் பணியேற்றிருந்தேன். இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுவன், வாயாடி. தாயும் தந்தையும் விடியலிலேயே பெரட்டுக்குப் போய்விடுவர்.

ஒரு திங்கட்கிழமை, அரசாங்கத்தின் கூடுதல் உணவுத் திட்டத்தின்கீழ் அளிக்கப்பட்ட சோற்றை அவன் உண்ணவில்லை. மறுநாளும் உண்ணவில்லை. எனக்குச் சினம் மூண்டது. உணவை வீணாக்கும் பாவத்தைப் பற்றி வகுப்பு முழுதும் கேட்க ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். "ஏன் சாப்பிடவில்லை?" என்று அதட்டினேன். அவன் தலைகுனிந்து நின்றான். கேட்கக் கேட்க வாயைத் திறக்கவில்லை. அதனை முரட்டுத்தனம் என்று கொண்டு, உணவு வேளை முடியும்வரை தட்டின் முன் நிற்கவைத்தேன். அவன் வாயைத் திறக்காததற்கு, திறந்தால் எச்சில் வழியும் என்பதே காரணம் என்று நான் அறியேன்.

புதன்கிழமை, சமையல் செய்யும் மூதாட்டி அவன் சட்டைக் கழுத்து நனைந்திருப்பதைக் கண்டார். பள்ளிக்கூடம் போகாதவர், தம் பெயரை எழுதத் தெரியாதவர். அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முந்தானையால் அவன் வாயைத் துடைத்தார். "என்னய்யா முழுங்கினே? பாட்டி அடிக்கமாட்டேன், சொல்லு" என்றார். அவ்வளவுதான். "காசு, பாட்டி. அம்மா தேங்காய் வாங்கக் கொடுத்த இருபது காசு" என்று அழுதான். காசைத் தொலைத்தால் அடி விழும் என்ற அச்சம். அதைவிட, வாயில் வைத்து விளையாடினான் என்று தெரிந்தால் இன்னும் விழும் என்ற அச்சம். ஞாயிறு மாலை விழுங்கியதைப் புதன் காலைவரை தனியே சுமந்திருக்கிறான், ஏழரை வயதுக் குழந்தை!

நான் என்ன கேட்டேன்? "ஏன் சாப்பிடவில்லை?" என்று. அம்மூதாட்டி என்ன கேட்டார்? "என்ன முழுங்கினே?" என்று. என் வினா குற்றவாளியைத் தேடியது. அவர் வினா நோயைத் தேடியது.

டிரஸ்ஸர் அவனைப் பார்த்த உடனே தோட்டத்து வண்டியை வரவழைத்தார். எக்ஸ்-கதிர்ப் படத்தில் கழுத்தெலும்புகளுக்கு நடுவே வட்டமான வெண்ணிழலாகக் காசு தெரிந்தது. ஏறத்தாழ 23.6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இருபது காசு, முதல் இறுக்கத்தில் சிக்கியிருந்தது. தாப்பாச் சாலையின் வளைவுகளில் மருத்துவ வண்டி இறங்கியபோது அவன் தாயின் அருகில் நானும் அமர்ந்திருந்தேன். ஒவ்வொரு வளைவும் எனக்கு ஒரு தண்டனையாகவே இருந்தது. சமவெளி மருத்துவமனையில் மயக்கமருந்து கொடுத்துக் காசை எடுத்தனர். அதன் விளிம்பு அழுத்திய இடம் புண்ணாகியிருந்தது, துளையாகவில்லை. சில நாளில் சிறுவன் நலம்பெற்றுத் திரும்பினான். அங்கிருந்த மருத்துவர் எங்களைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "மூன்று நாளாக இவன் பக்கத்தில் யாரும் இல்லையா?"

இருந்தோம். அதுவே என் வெட்கம். நோயுற்றவன் இருந்தான், தீர்ப்பவர் இருந்தார், 1635இல் இல்லாத மயக்கமருந்தும் 1868இல் இல்லாத வெளிச்சமும் இருந்தன. நான்காவது கூறே குறைந்திருந்தது. அக்குறையை எழுத்தறியாத ஒரு பாட்டி நிரப்பினார்.

காசைப் போல வந்த நஞ்சு

அச்சிறுவனுக்கு மூன்று நாள் தவணை கிடைத்தது. ஏனெனில் அவன் விழுங்கியது காசு. இன்றைய குழந்தைகளுக்கு அத்தவணையும் இல்லை. பொத்தான் வடிவ மின்கலம் இன்று எல்லா வீடுகளிலும் புகுந்துவிட்டது. தொலைக்காட்சி இயக்கி, விளையாட்டுப் பொருள், பாடும் வாழ்த்தட்டை, வெப்பமானி, தீபாவளிக்கு வாங்கும் மின்கல அகல்விளக்கு என அது இல்லாத இடமில்லை. அவற்றுள் மிகக் கொடியது 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள லித்தியம் மின்கலம். 2012இல் புழக்கத்திற்கு வந்த நம் இருபது காசு 20.6 மில்லிமீட்டர். எக்ஸ்-கதிர்ப் படத்திலும் மின்கலம் காசைப் போலவே தோன்றும். ஓரத்தில் தெரியும் இரட்டை வளையமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

காசு அழுத்துகிறது, மின்கலமோ எரிக்கிறது. உணவுக்குழலின் ஈரத்தில் அதன் இருமுனைகளுக்கிடையே மின்னோட்டம் பாய்கிறது. எதிர்முனைப் பக்கத்தில் கடுங்காரம் உண்டாகிறது. மின்கலம் உடைந்து கசியவேண்டும் என்பதில்லை. முழுதாக இருந்தே எரிக்கும். இரண்டு மணி நேரத்திற்குள் கடும் புண் உண்டாகிவிடலாம். எடுத்த பின்னரும் புண் ஆழ்ந்துகொண்டே போய், நாள்கள் கழித்துப் பெருந்தமனியை எட்டிக் குருதி பெருகி இறந்த குழந்தைகளும் உண்டு. ஜாக்சன் எந்தக் காரத்தை எதிர்த்துப் போராடினாரோ, அக்காரமே இன்று பொத்தான் வடிவில் திரும்பி வந்திருக்கிறது எனலாம். 2022இல் ஆஸ்திரேலியா இம்மின்கலங்களுக்குக் கட்டாயப் பாதுகாப்பு விதிகளை நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டில் அமெரிக்காவும், மின்கலத்தை விழுங்கி இறந்த ஒரு பெண்குழந்தையின் பெயரால் ரீஸ் சட்டத்தை இயற்றியது. காந்தமணிகளும் இத்தகையனவே. ஒன்று போனால் கடந்துபோகலாம். இரண்டு போனால் குடலின் மடிப்புகளுக்கு இருபுறமும் நின்று ஒன்றையொன்று இழுத்து, இடைப்பட்ட சுவரைத் துளைத்துவிடும்.

ஆகவே, 'தானே வந்துவிடும்' என்னும் பழைய ஆறுதலைக் கைவிடவேண்டிய காலம் இது. மின்கலம், காந்தம், கூரிய பொருள் எது போயிருந்தாலும், போனது எது என்றே தெரியாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வாந்தியெடுக்க வைத்தலும் விளக்கெண்ணெய் கொடுத்தலும் சோற்றுருண்டையும் ஆகா. மின்கலம் விழுங்கி 12 மணி நேரம் கடவாத, ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க இயலுகின்ற குழந்தைக்கு, வழியில் 10 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம் என்று அமெரிக்க நச்சுத் தடுப்பு மையம் பரிந்துரைக்கிறது. தேன் தேடிப் பயணத்தைத் தாமதித்தல் கூடாது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கிவரும் தேசிய நச்சு மையத்திடமும் அறிவுரை கேட்கலாம்.

ஆசிரியர் கடன்

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. அவ்வாறு எழுந்த கொட்டகைகளே நம் தமிழ்ப்பள்ளிகளுள் பலவற்றின் தொடக்கம். பெற்றோர் மலைச்சரிவில் கூடையோடு நிற்கும் பொழுதில், பிள்ளைகளைக் கண்ணால் காணும் பெரியவர் ஆசிரியர் ஒருவரே. எனவே தோட்டப்பள்ளி ஆசிரியர் அன்று முதலே எழுத்தறிவிப்பவராக மட்டும் இருந்ததில்லை. அவரே உழைச்செல்வார்.

நான் தலைமையாசிரியனான பின் புதிதாக வரும் ஆசிரியர்களிடம் இரண்டு செய்திகளைச் சொல்வது வழக்கம். உண்ண மறுக்கும் குழந்தையைக் கண்டிக்குமுன் அதன் சட்டைக் கழுத்தைப் பாருங்கள். தவறு செய்த குழந்தை உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் தண்டியாதீர்கள். உண்மை சொன்னவுடன் அடி வாங்கிய குழந்தை அடுத்தமுறை எதை விழுங்கினாலும் சொல்லாது.

அந்தச் சிறுவன் இன்று சமவெளியில் குடும்பத்தோடு வாழ்கிறான். சமையற்காரப் பாட்டி மறைந்துவிட்டார். அவர் குந்தி உட்கார்ந்த இடத்தில் இப்போது சிமெந்துத் தரை போடப்பட்டிருக்கிறது. ஆண்டின் முதல் நாள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, "வாய்க்குள் எது போனாலும், யாரும் அடிக்கமாட்டோம், ஓடிவந்து சொல்லுங்கள்" என்று கூறுகிறோம். பிள்ளைகள் சிரிக்கின்றனர். சிரித்துவிட்டுப் போகட்டும். சொல்லை மட்டும் விழுங்காதிருந்தால் போதும்.